ஆயுள் என்ற சொல்

"தூக்கு வேண்டாம் என்பதில் நமக்குள் அபிப்ராய பேதமில்லை. சாகிறவரை உள்ளேயே கிடக்கட்டும். இதற்குமேல் இதில் என்ன பிரச்னை இருக்கிறது?" என்று கேட்டார் நண்பர். கவிதை எழுதுகிறவர். தி. நகர் நடேசன் பூங்காவில் ஞாயிறு சாயங்காலங்களில் நாலைந்து பேர் கூடுவதுண்டு. அன்று கவிதை பேசவில்லை. 2025 அக்டோபரில், போரூர்ப் பக்கம் 2017இல் ஒரு சிறு பெண் குழந்தை கொல்லப்பட்ட வழக்கில் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு வந்திருந்த சமயம். 2018 பிப்ரவரியில் செங்கல்பட்டு கோர்ட் தூக்கு விதித்தது. அதே வருஷம் ஜூலையில் ஹைகோர்ட் அதை உறுதி செய்தது. ஏழு வருஷம் கழித்து, குற்றம் சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்கப்படவில்லை என்று சுப்ரீம் கோர்ட் அதே ஆளை விடுவித்தது. எங்களில் ஒருவருக்கு ஆத்திரம். இன்னொருவருக்கு, நல்லவேளை தூக்கில் போட்டுவிடவில்லை என்ற நிம்மதி. இரண்டுக்கும் நடுவே சமாதானமாகச் சொல்லப்பட்டது நண்பரின் வாக்கியம். வாட்ச்மேன் விசில் ஊதிவிட்டதால் பேச்சு அதோடு நின்றது. நண்பரின் கேள்விக்கு என்னால் முடிந்த பதிலை இங்கே எழுதுகிறேன்.

இன்று படித்தவர்களில் மரண தண்டனையை எதிர்க்கிற பெரும்பாலோர் வந்து நிற்கிற இடம் நண்பரின் இடம்தான். சௌகரியமான இடம். கொலை செய்யாத அரசு வேண்டும், கொலைகாரன் கண்ணிலும் படக்கூடாது. இரண்டு ஆசையும் ஒரே வாக்கியத்தில் நிறைவேறிவிடுகின்றன. இரண்டும் ஒன்றாக இருக்க முடியுமா என்பதுதான் என் சந்தேகம்.

முதலில் சொற்களைப் பார்த்துவிடலாம். பரோல் இல்லாத ஆயுள் என்று பத்திரிகைகள் எழுதுகிற சொல் அமெரிக்கர்களுடையது. அங்கே பரோல் என்றால் தண்டனை முடியுமுன்பே நிபந்தனையோடு வெளியே விடுவது. இங்கே பரோல் என்பது கல்யாணத்துக்கும் சாவுக்கும் கிடைக்கிற சில நாள் லீவு. 2019இல் மகளின் கல்யாண ஏற்பாட்டுக்காக நளினிக்குக் கிடைத்தது அது. நம் ஊரில் கதவைத் திறப்பதும் மூடுவதும் தண்டனைக் குறைப்பு என்ற இன்னொரு சமாசாரம். ஆகவே நண்பர் கேட்பது, சரியாகச் சொன்னால், தண்டனைக் குறைப்பு இல்லாத ஆயுள் தண்டனை.

ஆயுள் என்ற சொல்லோடு எனக்குத் தொழில் ரீதியாகவும் பழக்கம் உண்டு. அடையாறில் ஒரு பாங்க் கிளையில் வேலை பார்க்கிறேன். காப்பீட்டுப் பிரீமியம் பிடித்தம் செய்யச் சொல்லி வருகிற தாள்களில் அந்தச் சொல் இருக்கும். நவம்பர் மாதம் முழுக்க பென்ஷன்காரர்களின் ஆயுள் சான்றிதழ். இன்ன தேதியில் இன்னார் உயிரோடு இருக்கிறார் என்று நான் கையெழுத்துப் போட வேண்டும். இப்போது விரல் ரேகையை வைத்தோ முகத்தைக் காட்டியோ மெஷினிலேயே முடித்துக்கொள்ளலாம் என்றாலும், ரேகை தேய்ந்துபோன கிழவிகள் என் மேஜைக்குத்தான் வருகிறார்கள். இந்த இடங்களில் ஆயுள் என்பது நீளம் தெரியாத ஒன்று. தெரியாததால்தான் வருஷா வருஷம் கேட்டுப் பார்க்க வேண்டியிருக்கிறது. தண்டனையோடு சேர்கிறபோது மட்டும் அதே சொல் ஜனங்களின் பேச்சில் பதினாலு வருஷம் என்று அளவெடுக்கப்பட்டுவிடுகிறது.

சட்டத்தில் அந்த அளவு ஒருபோதும் இருந்ததில்லை. வெள்ளைக்காரன் காலத்தில் இதன் பெயர் தீவாந்தர சிட்சை. 1908இல் வ.உ.சி.க்குத் திருநெல்வேலியில் விதிக்கப்பட்டது அப்படிப்பட்ட இரண்டு ஆயுள். அப்பீலில் அது குறைக்கப்பட்டு 1912 டிசம்பரில் வெளியே வந்தார். 1955இல் சட்டத்தைத் திருத்தி, கடல் கடத்துவதை ஆயுள் சிறை என்று மாற்றினார்கள். 1961இல் கோபால் கோட்சே தன்னை விடுதலை செய்யும்படி கேட்டபோது, ஆயுள் என்றால் மிச்சமுள்ள ஆயுள் முழுவதும்தான், குறைத்து விடுவது அரசாங்கத்தின் விருப்பம் என்று சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டது. பதினாலு என்பது 1978இல் வந்த ஒரு திருத்தத்தின் விளைவு. தூக்கு விதித்திருக்கக்கூடிய குற்றங்களில் பதினாலு வருஷம் முடிவதற்குள் விடக்கூடாது என்பதுதான் அதன் அர்த்தம். விடக்கூடாத காலம் என்று சட்டம் சொன்னதை, விட்டாக வேண்டிய காலம் என்று ஊர் எடுத்துக்கொண்டது. ஆயுள் தண்டனை என்றால் பதினாலு வருஷத்தில் வந்துவிடுவான், ஆகவே தூக்கில் போடு என்ற வாதம் இந்தத் தப்பர்த்தத்தின் மேல் நிற்கிறது.

இதில் விசேஷம், நீதிபதிகளும் ஏறக்குறைய இதே வாதத்துக்கு வந்து சேர்ந்ததுதான். 1980இல் பச்சன் சிங் வழக்கில், அரிதினும் அரிதான வழக்குகளில் மட்டுமே தூக்கு என்று சுப்ரீம் கோர்ட் வரம்பு கட்டியது. நீதிபதி பகவதி மட்டும் மாறுபட்டு, மரண தண்டனையே அரசியல் சட்டத்துக்கு விரோதம் என்று 1982இல் தன் காரணங்களை எழுதினார். 2008இல் சுவாமி சிரத்தானந்தா வழக்கு. பெங்களூரில் மனைவியை உயிரோடு புதைத்தவர் என்று தீர்மானிக்கப்பட்டவர். தூக்கு அதிகம், நடைமுறையில் பதினாலு வருஷமாகச் சுருங்கிவிடுகிற ஆயுள் போதாது, இரண்டுக்கும் நடுவே பெரிய இடைவெளி இருக்கிறது என்று மூன்று நீதிபதிகள் கண்டார்கள். அந்த இடைவெளியில் ஒரு புதுத் தண்டனையை வைத்தார்கள். தண்டனைக் குறைப்பு இல்லாமல் இயற்கையான மரணம் வரை. சட்டப் புத்தகத்தில் அப்போது அப்படி ஒரு தண்டனை கிடையாது. 2015 டிசம்பர் 2 அன்று ஐந்து நீதிபதிகள் கொண்ட பெஞ்ச் மூன்றுக்கு இரண்டு என்ற கணக்கில் இதை ஏற்றுக்கொண்டது. மாறுபட்ட இருவர், சட்டசபையும் பார்லிமெண்டும் எழுதாத தண்டனையைக் கோர்ட் எழுதிக்கொள்ள முடியாது என்றார்கள். கவர்னருக்கும் ஜனாதிபதிக்கும் அரசியல் சட்டம் கொடுத்திருக்கிற மன்னிக்கும் அதிகாரத்தை இந்தத் தண்டனை தொடாது என்பதையும் அந்தத் தீர்ப்பிலேயே சொல்லியிருக்கிறார்கள். அதாவது முன்வாசலைப் பூட்டிவிட்டு, வீட்டுக்குப் பின்னால் ஒரு கதவு இருப்பதை ஒப்புக்கொண்டிருக்கிறார்கள்.

அந்தத் தீர்ப்பின் பெயர் யூனியன் ஆஃப் இந்தியா எதிர் ஸ்ரீஹரன். ஸ்ரீஹரன் என்பது ராஜீவ் காந்தி கொலை வழக்கில் தூக்கு விதிக்கப்பட்ட முருகன். 2014இல் அவருடைய தூக்கு ரத்தாயிற்று. 2022 நவம்பர் 11 அன்று சுப்ரீம் கோர்ட் உத்தரவில் விடுதலையாகி, 2024 ஏப்ரலில் இலங்கைக்குப் போனார். வெளியே வரவே முடியாத தண்டனையை இந்தியாவில் ஊர்ஜிதம் செய்த தீர்ப்பு, வெளியே வந்துவிட்ட ஒருவரின் பெயரில் இருக்கிறது. நண்பர் இதை வேடிக்கையான தற்செயல் என்று சொல்லக்கூடும். எனக்கு அப்படிப் படவில்லை. பேனாவால் முடிவாகப் பூட்டிவிட்டதாக நினைக்கிறபோதெல்லாம் காலம் என்ன செய்கிறது என்பதற்கு அந்த வழக்கைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

1998 ஜனவரி 28 அன்று பூந்தமல்லி தனிக்கோர்ட் இருபத்தாறு பேருக்கும் தூக்கு விதித்தது. 1999 மே 11 அன்று சுப்ரீம் கோர்ட் பத்தொன்பது பேரை வெளியே அனுப்பியது. மூவருக்கு ஆயுள், நால்வருக்குத் தூக்கு. நால்வரில் நளினியின் தூக்கு 2000இல் மந்திரிசபையின் சிபாரிசில் குறைக்கப்பட்டது. மற்ற மூவருக்கும் தேதி குறித்தார்கள். 2011 செப்டம்பர் 9. அப்போது நான் பி.ஏ. மாணவன். மயிலாப்பூரிலிருந்து பஸ் பிடித்துக் கூட்டங்களுக்குப் போய் நின்றிருக்கிறேன். ஆகஸ்ட் 28 அன்று காஞ்சிபுரத்தில் செங்கொடி என்ற இளம்பெண் தீக்குளித்து இறந்தாள். 30ஆம் தேதி ஹைகோர்ட் தடை விதித்தது. அதே நாளில் சட்டசபையும் தீர்மானம் போட்டது. இரண்டு வருஷம் கழித்து 2013இல், பேரறிவாளனின் வாக்குமூலத்தைப் பதிவு செய்த, அதற்குள் ரிட்டயரான, அதிகாரி பகிரங்கமாக ஒன்று சொன்னார். இரண்டு ஒன்பது வோல்ட் பேட்டரிகளை வாங்கிக் கொடுத்ததாக ஒப்புக்கொண்ட அந்தப் பையன், எதற்கு என்று தனக்குத் தெரியாது என்று சொன்னதைத் தான் எழுதாமல் விட்டுவிட்டதாக. பத்தொன்பது வயதில் கைதானவர் 2022 மே 18 அன்று ஐம்பதாவது வயதில் வெளியே வந்தார். எழுதாமல் விட்ட அந்த ஒரு வாக்கியம் காதில் விழுகிறபோது அவர் உயிரோடு இருந்தார். 2011 செப்டம்பரில் காரியம் முடிந்திருந்தால் அந்த வாக்கியம் யாரிடம் போய்ச் சேர்ந்திருக்கும்?

விசாரிக்காமல் கொன்றுவிட்ட தீர்ப்பைச் சுற்றி ஒரு காவியமே வைத்திருக்கிற பாஷை நம்முடையது. கோவலன் விஷயத்தில் பாண்டியனுக்குக் கிடைத்த பரிகாரம் சிம்மாசனத்திலேயே உயிரை விடுவது. இன்றைய நீதிபதிகளிடம் அதை யாரும் எதிர்பார்க்க முடியாது. எதிர்பார்க்கக்கூடியது, திருத்திக்கொள்ள இடம் விட்டுத் தீர்ப்பு எழுதுவது மட்டும்தான்.

இந்த மட்டில் நண்பர் என்னோடு ஒத்துப்போவார். தூக்குக்கு எதிராக இது போதும். ஆனால் இதே காரணம் அவருடைய மாற்றுத் தண்டனையின் மேலும் பாய்கிறது. பேரறிவாளனின் வழக்கை முப்பது வருஷம் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்ததற்கு, நடுவில் தொங்கிய கயிறு ஒரு முக்கிய காரணம். தூக்கு விதித்தால் ஹைகோர்ட் அதை உறுதி செய்தாக வேண்டும். வக்கீல்கள் வருவார்கள், பத்திரிகைகள் எழுதும், கருணை மனு போகும். ஒரு தாய் ஊர் ஊராக அலைவதைப் பார்க்க ஜனங்கள் நிற்பார்கள். சாகிறவரை சிறை என்று எழுதப்பட்டவனுக்குத் தேதி கிடையாது. தேதி இல்லாததால் கடைசி நேரம் கிடையாது. கடைசி நேரம் இல்லாதவனுக்காக யாரும் ராத்திரியில் நீதிபதியின் வீட்டுக் கதவைத் தட்டப்போவதில்லை. தப்பு நடந்திருந்தால் திருத்துவதற்கு ஆள் உயிரோடு இருக்கிறான், சரி. திருத்த வேண்டும் என்று யாருக்கு ஞாபகம் வரும்?

செகாவின் "பந்தயம்" கதை நினைவுக்கு வருகிறது. 1889இல் எழுதியது. ஒரு விருந்தில் இதே தர்க்கம் நடக்கிறது. தூக்குத்தான் மனிதத்தன்மை உள்ளது, ஆயுள் சிறை கொஞ்சம் கொஞ்சமாகக் கொல்கிறது என்று வாதிடுகிறவர் ஒரு பாங்க்கர். (எங்கள் தொழிலுக்கு இலக்கியத்தில் கிடைத்த சொற்ப இடங்களில் இது ஒன்று.) எப்படியாவது உயிரோடு இருப்பதே மேல் என்று சொன்ன இளம் வக்கீல், இருபது லட்சத்துக்குப் பதினைந்து வருஷம் தனியறையில் அடைந்துகிடக்கச் சம்மதிக்கிறான். கதை அற்புதமானது. ஆனால் இந்தப் பிரச்னைக்கு அது பதில் ஆகாது. வக்கீலின் அறைக் கதவு அவன் நினைத்தால் திறக்கும். பதினைந்தாவது வருஷத்தின் கடைசி ராத்திரி என்று ஒன்று உண்டு. அவன் அதற்கு ஐந்து மணி நேரம் முன்னால் வெளியேறித் தன் பணத்தைத் தானே வேண்டாம் என்கிறான். அவன் கையில் முடிவு இருந்தது. அந்த முடிவை எடுத்துவிட்டால் கதை எழுத முடியாது. வாழ்க்கை எப்படி முடியும் என்பது செகாவின் கேள்வியாக இல்லை என்று நினைக்கிறேன்.

தத்துவக்காரர்கள் இன்னும் பச்சையாகப் பேசியிருக்கிறார்கள். 1764இல் மரண தண்டனையை எதிர்த்து எழுதிய பெக்காரியா, வாழ்நாள் முழுவதும் அடிமை வேலை என்பது பார்க்கிறவர்களை அதிகம் பயமுறுத்தும் என்பதை ஒரு காரணமாகவே சொன்னார். 1868இல் இங்கிலாந்து பார்லிமெண்டில் தூக்கை ஆதரித்துப் பேசிய மில், ஆயுள் சிறை தூக்கைவிடக் குரூரமானது, ஆகவே தூக்கே இரக்கம் என்றார். எதிர்ப்பவரும் ஆதரிப்பவரும் ஒரு விஷயத்தில் ஒன்றாக இருக்கிறார்கள். முடிவில்லாத சிறை சாவைவிடக் கொடுமை என்பதில். 2007இல் இத்தாலியில் முந்நூறுக்கு மேற்பட்ட ஆயுள் கைதிகள், தங்கள் தண்டனையைத் தூக்காக மாற்றும்படி ஜனாதிபதிக்கு எழுதினார்கள். ஆகவே நண்பர் தன்னையே ஒன்று கேட்டுக்கொள்ள வேண்டும். சாகிறவரை உள்ளே கிடக்கட்டும் என்று அவர் சொன்னது குறைந்த தண்டனை என்பதாலா, கூடுதல் தண்டனை என்பதாலா? அவர் குரலில் இரண்டாவதுதான் கேட்டது. அப்படியானால் அதற்குக் கருணை என்று பெயர் வைக்கக்கூடாது. 2013இல் ஐரோப்பிய மனித உரிமைக் கோர்ட் விண்டர் என்பவரின் வழக்கில், மறுபரிசீலனைக்கு வழியே இல்லாத ஆயுள் தண்டனை மனிதனைக் கீழ்மைப்படுத்துவது என்று தீர்மானித்தது. நீதிபதிகளில் ஒருவர் அதை நம்பிக்கை கொள்ளும் உரிமை என்று குறிப்பிட்டார். அந்த நீதிபதி சலுகை என்று சொல்லாமல் உரிமை என்று சொன்னதை நான் முக்கியமாக நினைக்கிறேன்.

கொள்கைக்குப் பரீட்சை நம் ஆட்களின் விஷயத்தில் நடப்பதில்லை. 2011இல் கூட்டங்களில் நின்ற எத்தனை பேர், தர்மபுரியில் 2000 பிப்ரவரி 2 அன்று பஸ்ஸை எரித்து மூன்று மாணவிகளைக் கொன்றவர்களின் தூக்கை எதிர்த்தார்கள்? அதுவும் 2010இல் சுப்ரீம் கோர்ட்டில் உறுதியாகி, 2016இல் ஆயுளாகி, 2018 நவம்பரில் அந்த மூவரும் வீட்டுக்குப் போய்விட்டார்கள். அந்த மூன்று வீடுகளில் அன்று ராத்திரி என்ன பேசியிருப்பார்கள் என்று யோசிக்காமல் எழுதப்படுகிற மனிதாபிமானத்தில் எனக்கு நம்பிக்கை இல்லை.

இன்னும் கஷ்டமான பரீட்சை ஆட்டோ சங்கர். அடையாறிலிருந்து நடந்து போகிற தூரம் திருவான்மியூர். 1988, 89இல் ஆறு கொலைகள். எங்கள் கிளைக்கு வருகிற பழைய வாடிக்கையாளர்களில் சிலர் இன்னும் அந்தப் பெயரைக் குரல் தாழ்த்தித்தான் சொல்கிறார்கள். செங்கல்பட்டு சப் ஜெயிலில் அவன் முந்நூறு பக்கம் சுயசரிதை எழுதினான். அதை வெளியிடக்கூடாது என்று அதிகாரிகள் தடுக்கப் பார்த்தார்கள். நக்கீரன் பத்திரிகை சுப்ரீம் கோர்ட்டுக்குப் போயிற்று. அச்சாகுமுன்பே தடுக்க அரசாங்கத்துக்கு அதிகாரமில்லை என்று 1994 அக்டோபரில் தீர்ப்பு வந்தது. அந்தரங்கத்துக்கான உரிமை பற்றிப் பேசுகிற வக்கீல்கள் இன்றும் எடுத்துக்காட்டுகிற தீர்ப்பு அது. 1995 ஏப்ரல் 27 அன்று சேலம் ஜெயிலில் அவனைத் தூக்கிலிட்டார்கள். எழுதியதைக் காப்பாற்றிய சட்டம், ஏழு மாதத்துக்குள் எழுதியவனைக் கொன்றது. அவன் நல்லவனாக மாறியிருப்பான் என்று நான் வாதாடவில்லை. எனக்கு அதற்கு ஆதாரம் இல்லை. கொன்றவர்களுக்கும் மாறமாட்டான் என்பதற்கு ஆதாரம் இல்லை. அவன் மேல் இரக்கம் வராதவனும் தூக்கை எதிர்க்க முடிய வேண்டும். முடியாவிட்டால் அது எதிர்ப்பு அல்ல, ரசனை.

மயிலாப்பூரில் திருவள்ளுவர் கோயிலுக்குப் பக்கத்தில் குடியிருப்பவன் வள்ளுவரைத் தாண்டிப் போக முடியாது. செங்கோன்மை அதிகாரத்தின் கடைசிக் குறளில் கொடியவர்களை ஒறுப்பதைப் பயிருக்குக் களை எடுப்பதோடு ஒப்பிடுகிறார். அதிலுள்ள "கொலையில்" என்ற சொல்லைக் கொலையால் என்று கொண்டு, அரசன் கொலையால் ஒறுப்பதாகப் பரிமேலழகர் உரை சொல்கிறார். கொலைத்தொழிலில் கொடியவர் என்று கொண்டால் எப்படி ஒறுப்பது என்பது சொல்லப்படாமலே நிற்கும். ஒரு வேற்றுமை உருபில் ஆள் பிழைப்பதும் சாவதும் இருக்கிறது. பரிமேலழகர் சொல்வதே சரி என்று வைத்துக்கொண்டாலும், களை பிடுங்குகிறவனுக்குக் களையின்மேல் கோபம் கிடையாது. களை மாறாது என்று அவனுக்கு நிச்சயமாகத் தெரியும். மனிதனைப் பற்றி அந்த நிச்சயம் யாருக்கு இருக்கிறது என்பதுதான் உவமை உடைகிற இடம்.

இதையெல்லாம் எங்கள் கிளையில் காஷியராக இருக்கும் மேடத்திடம் சொன்னேன். 2025 ஜூனில், அண்ணா பல்கலைக்கழக வளாகத்தில் ஒரு மாணவிக்கு நடந்த கொடுமைக்காக, சென்னை மகளிர் கோர்ட் குறைந்தது முப்பது வருஷம் தண்டனைக் குறைப்பு இல்லாமல் ஆயுள் சிறை விதித்ததிலிருந்தே அவருக்கு இதில் தீர்மானமான அபிப்ராயம் உண்டு. கிண்டி எங்களுக்கு அடுத்த ஊர். அவர் பெண்ணும் காலேஜில் படிக்கிறாள். "முப்பது வருஷம் கழிச்சு அவன் வந்தா, அந்தப் பொண்ணுக்கு அம்பது வயசுதான் சார் ஆகும். அதுக்கப்புறமும் அவ திரும்பித் திரும்பிப் பாத்துண்டே நடக்கணுமா? உங்க பார்க்ல இதையும் பேசுங்கோ" என்றார்.

இதற்கு நான் படித்த புத்தகங்களில் பதில் இல்லை. மனிதன் மாறக்கூடும் என்பது மாறுதலுக்காகக் காத்திருப்பவர்களுக்கு ஆறுதல். அவனால் பாதிக்கப்பட்டவளுக்கு அது பயம். இரண்டையும் ஒரே தராசில் வைத்து எடை போட்டுவிட்டேன் என்று சொன்னால் அது பொய்யாக இருக்கும்.

ஆனால் மேடத்தின் கேள்வியே ஒரு வழியைக் காட்டுகிறது என்று தோன்றுகிறது. முப்பது வருஷம் கழித்து வரப்போகிறவன் யார் என்று அவருக்குத் தெரியாது. அந்தப் பெண்ணுக்குத் தெரியாது. தண்டனை விதித்த நீதிபதிக்கும் தெரியாது. தெரியாத ஒன்றுக்குப் பயப்படுவது நியாயம். அதைப் பார்க்காமலே இருப்பது நியாயமில்லை. எங்கள் தொழிலில் கேஷ் கிரெடிட் கணக்கை வருஷத்துக்கு ஒரு தடவை எடுத்துப் பார்த்துத்தான் புதுப்பிப்போம். வாராக்கடன் என்று தலைமுழுகின கணக்கையும் ஆடிட்டர் கேட்பார். பார்ப்பது என்றால் தள்ளுபடி செய்வது என்று அர்த்தமில்லை. பார்த்துவிட்டு, இல்லை, இன்னும் ஆகாது என்று எழுதலாம். பதினைந்தாவது வருஷமும் இருபதாவது வருஷமும் நாற்பதாவது வருஷமும் அப்படியே எழுதலாம். எழுதுமுன்பு பாதிக்கப்பட்டவர்களைக் கூப்பிட்டு அவர்கள் சொல்வதையும் தாளில் ஏற்ற வேண்டும். சிலர் உள்ளேயே சாகக்கூடும். அது ஒவ்வொரு தடவையும் ஒரு மனிதன் இன்னொரு மனிதனைப் பார்த்துவிட்டு எடுத்த முடிவாக இருக்க வேண்டும். இளம் வயதில் யாரோ எழுதிய ஒரு வாக்கியத்தின் மேல் எல்லோரும் தூங்கிவிட்டதாக இருக்கக்கூடாது. தூக்கில் போடுவதும், சாகிறவரை என்று எழுதிவிட்டு மூடுவதும், இந்தப் பார்க்கிற வேலையிலிருந்து தப்பிக்கிற இரண்டு வழிகள்.

எண்பது தாண்டிய ஒரு பென்ஷன்காரரை, மாதாமாதம் மகனோடு வந்து பணம் எடுப்பவரை, போன நவம்பரிலும் எதிரே உட்காரவைத்து, முகத்தைப் பார்த்துத்தான் ஆயுள் சான்றிதழில் கையெழுத்துப் போட்டேன். பத்து நாள் முன்னால்தான் அவர் பாஸ்புக்கில் என்ட்ரி போட்டுக் கொடுத்திருந்தேன். ஆனாலும் ரூல் அப்படி. அந்தப் பென்ஷனுக்கு அரசாங்கம் வைத்திருக்கிற அந்த ரூல், ஜெயிலுக்கும் இருந்தால் என்ன என்பதுதான் நண்பருக்கு என் பதில்.